யாருடைய வாசிப்பு உயர்ந்தது?

உலகத்தில் மனிதர்கள் சண்டை போட்டுக் கொள்வதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. நிலத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். பணத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். பதவிக்காகச் சண்டை போடுகிறார்கள். இவற்றிலெல்லாம் ஜயித்தவனுக்கு ஏதாவது ஒரு லாபம் மிஞ்சுகிறது. ஒரு காசு லாபமில்லாமல், தீர்ப்புச் சொல்ல ஒரு நியாயஸ்தலமும் இல்லாமல், ஆயுள் பரியந்தம் நடத்தக்கூடிய சண்டை ஒன்று உண்டு. அதுதான் சங்கீத ரஸிகர்களின் சண்டை. அதிலும் ஐரோப்பிய சங்கீதத்தில் பியானோ வித்வான்களைப் பற்றி நடக்கிற சண்டை இருக்கிறதே, அது ஒரு தனி ரகம்.

நியாயமாகப் பார்த்தால் அங்கே சண்டைக்கு இடமே இருக்கக் கூடாது. ராக ஆலாபனை செய்கிற பாடகர் அந்தந்த க்ஷணத்தில் கற்பனை செய்து பாடுகிறார். ஆகையால் இருவருடைய தோடி இரண்டு விதமாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பீத்தோவனுடைய ஸொனாட்டா அப்படிப்பட்டதல்ல. எந்த ஸ்வரத்துக்குப் பிறகு எந்த ஸ்வரம், எது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எங்கே ஓங்க வேண்டும், எங்கே தணிய வேண்டும் என்பதையெல்லாம் அவர் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றைய பியானோவும் ஊருக்கு ஊர் அதிகமாக வேறுபடுவதில்லை. வெள்ளைக் கட்டைகள் 52, கறுப்புக் கட்டைகள் 36, ஆக 88. எழுதியது ஒன்று, வாத்தியம் ஒன்று, வாசிப்பவருக்கு விரல் பத்து. இவ்வளவு பொதுவாக இருந்தும், ஒருவருடைய வாசிப்பைக் கேட்டு ஒரு ரஸிகர் கண்ணீர் விடுகிறார். பக்கத்து நாற்காலிக்காரர் கொட்டாவி விடுகிறார். இருவரும் சங்கீதம் தெரிந்தவர்கள், இருவரும் யோக்கியர்கள். இதற்கு என்ன சமாதானம் சொல்வது?

"அவரவர் ருசி அவரவருக்கு" என்று சொல்லி எழுந்து போய்விடலாம். மிகவும் சௌகரியமான பதில்தான். ஆனால் அந்தப் பதிலை முழுவதும் ஒப்புக்கொண்டால், பெரிய வாசிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டி வரும். நான் பள்ளிக்கூட உபாத்தியாயர். நல்லதற்கும் சுமாரானதற்கும் வித்தியாசம் உண்டு என்று தினந்தோறும் பையன்களிடம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். ஆகவே அவ்வளவு சுலபமாக எழுந்து போக எனக்குக் கட்டுப்படியாகாது.

முதலில் அந்த வாத்தியத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி என்பவர் ஏறக்குறைய 1700-ஆம் வருஷத்தில் பியானோவை உண்டாக்கினார். அதற்கு முன்பிருந்த ஹார்ப்ஸிகார்டு என்னும் வாத்தியத்தில் ஒரு சிறு இறகு முனை தந்தியை மீட்டும். கட்டையை எப்படி அழுத்தினாலும் நாதத்தின் அளவு பெரும்பாலும் ஒன்றுதான். கிறிஸ்தோபோரி இறகுக்குப் பதிலாக ஒரு சின்னச் சுத்தியை வைத்தார். மெல்ல அழுத்தினால் மெல்லிய நாதம். ஓங்கி அழுத்தினால் ஓங்கிய நாதம். "மெல்லவும் பலமாகவும்" என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களிலிருந்துதான் அந்த வாத்தியத்துக்குப் பெயரே வந்தது.

ஆனால் இந்தச் சௌகரியத்தோடு ஒரு சங்கடமும் கூடவே வந்தது. கட்டையை அழுத்தியதும் சுத்தி கிளம்புகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது விரலின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. கவணிலிருந்து புறப்பட்ட கல்லைப் போலத்தான். வீணை வாசிப்பவர் மீட்டிய பிறகும் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கலாம். பிடில் வாசிப்பவர் வில் ஓடுகிற வரைக்கும் நாதத்தை வளர்க்கலாம். பியானோவிலோ ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்த கணத்திலேயே தேய ஆரம்பிக்கிறது. விரலை எடுத்தால், கம்பளி வைத்த ஒரு சிறு கட்டை தந்தியின் மேல் விழுந்து நாதத்தை அணைத்துவிடும். காலால் பெடலை மிதித்திருந்தால் இன்னும் சற்று நேரம் அது உயிரோடு இருக்கும். ஆக, வாசிப்பவரின் வசத்தில் இருப்பவை மூன்றே மூன்று: எவ்வளவு வேகத்தில் அடிப்பது, எந்த க்ஷணத்தில் அடிப்பது, எப்போது அணைப்பது.

ஒரே ஒரு கட்டையை மட்டும் அழுத்தினால், அதை மகா வித்வானுடைய விரல் அழுத்தினால் என்ன, குடையின் நுனி அழுத்தினால் என்ன, சுத்தியின் வேகம் ஒன்றாக இருந்தால் நாதமும் ஒன்றுதான் என்று பௌதிக சாஸ்திரம் படித்தவர்கள் வாதித்திருக்கிறார்கள். வித்வான்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த வாதம் சரியாகவே இருக்கட்டும். அதிலிருந்து ஏற்படுவது என்ன? பெரிய வாசிப்பின் இரகசியம் ஒரு ஸ்வரத்துக்குள் இல்லை, ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறது என்பதுதான். தேய்ந்து கொண்டிருக்கும் ஒரு நாதத்திலிருந்து அடுத்த நாதத்தை எவ்வளவு கனத்தோடு, எவ்வளவு தாமதத்தோடு எழுப்பினால் இரண்டும் ஒரே மூச்சில் பாடியது போலக் கேட்கும்? "இங்கே நிதானமாக" என்று பீத்தோவன் எழுதலாம். எவ்வளவு நிதானம் என்று மயிரிழை அளவு கண்டு எழுத அவராலும் முடியாது. அந்த இடத்தில்தான் வித்வானுக்கு வேலை. அந்த இடத்தில்தான் ரஸிகர்களுக்குச் சண்டை.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டைக்கு மூன்று கட்சிகள் உண்டு. நான் ஆர்தர் ஷ்நாபெல் கட்சி. என் மனைவி விளாதிமிர் ஹொரோவிட்ஸ் கட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பிக்கு வந்து சேரும் எங்கள் பள்ளிக் கணக்கு உபாத்தியாயர் க்ளென் கூல்ட் கட்சி. மூன்று தலைவர்களும் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஷ்நாபெல் 1951-லும், கூல்ட் 1982-லும், ஹொரோவிட்ஸ் 1989-லும் மறைந்தார்கள். ஆனால் அவர்களுடைய ஒலிப்பதிவுகள் சட்டைப் பையிலிருக்கும் கைப்பேசியிலேயே இப்போது கிடைப்பதால், கட்சிகளுக்குக் குறைவில்லை.

என் கட்சியின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பீத்தோவன் எழுதிய 32 பியானோ ஸொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுவதும் இசைத்தட்டில் பதிந்தவர் ஷ்நாபெல். 1932-லிருந்து 1935 வரையில் லண்டனில் அந்த வேலை நடந்தது. ஒரு தட்டின் பக்கத்தில் நாலு நிமிஷத்துக்கு மேல் அதிகம் கொள்ளாத காலம். ஒரு தவறு நேர்ந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவதற்கு வழி கிடையாது. ஆகையால் அவருடைய தவறுகளும் அவரோடு சிரஞ்சீவியாகிவிட்டன. 32 ஸொனாட்டாக்களில் "ஹாமர்க்ளாவியர்" ஒன்றுக்குத்தான் பீத்தோவன் தாள யந்திரத்தின் கணக்குப்படி வேகம் குறித்திருக்கிறார். அது மனிதர் வாசிக்கக்கூடிய வேகந்தானா என்பதே பலருக்குச் சந்தேகம். ஷ்நாபெல் அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கப் பாய்கிறார். வழியில் ஸ்வரங்கள் சிதறுகின்றன.

"உங்கள் ஷ்நாபெல் படியில் உருளுகிற பாத்திரம் மாதிரி அல்லவா வாசிக்கிறார்?" என்பாள் என் மனைவி.

அந்த இடத்தில் நான் வாதாடுவதில்லை. பீத்தோவனுடைய கடைசி ஸொனாட்டாவை, 1822-ல் அவருக்குக் காது அநேகமாக முழுவதும் கேளாமற் போன பிறகு எழுதி முடித்ததை, எடுத்து வைப்பேன். அதன் இரண்டாம் பாகம் சிறு பாட்டு ஒன்றோடு தொடங்குகிறது. ஸ்வரங்கள் சொற்பம், மிகவும் மெதுவான நடை. தேய்ந்து போகிற வாத்தியத்தில் இவ்வளவு மெதுவாக வாசிப்பது எவ்வளவு அபாயம்! ஒரு ஸ்வரம் செத்துப்போன பிறகு அடுத்தது வந்தால் பாட்டு இல்லை, வெறும் மணியோசைதான். ஷ்நாபெல் அந்த அபாயத்தின் விளிம்பிலேயே நடக்கிறார். ஸ்வரங்களைக் காட்டிலும் அவற்றின் நடுவே இருக்கும் மௌனத்தில்தான் தம்முடைய கலை இருக்கிறது என்ற கருத்தை அவரே சொன்னதாகப் பிரசித்தம். அந்த மௌனம் வெறும் மௌனமாக இல்லாமல், யாரோ யோசனை செய்துகொண்டிருப்பது போல இருக்கும். அதைக் கேட்ட பிறகு, சிதறிய ஸ்வரங்களை எண்ணிக்கொண்டிருக்க எனக்கு மனம் வருவதில்லை.

என் மனைவியின் கட்சியோ பலமான கட்சி. ஹொரோவிட்ஸ் 1903-ல் பிறந்தவர். கீவ் நகரத்தில் பயின்று, 1925-ல் ஸோவியத் நாட்டை விட்டு வெளியேறி, 1928-ல் நியூயார்க்கில் கார்னிகி மண்டபத்தில் முதன்முதலாக வாசித்தார். இடி இடிப்பதையும் பனி பெய்வதையும் ஒரே கையால் செய்து காட்டக்கூடியவர். அப்படிப்பட்டவர் புகழின் உச்சியில் இருக்கும்போதே 1953-ல் மேடையை விட்டு ஒதுங்கி, 12 வருஷம் வீட்டுக்குள் இருந்துவிட்டார். 1965 மே 9-ஆந் தேதி மறுபடியும் அதே மண்டபத்துக்கு வந்தபோது, டிக்கட்டுக்காக ஜனங்கள் இரவு முழுவதும் தெருவில் வரிசையில் நின்றார்கள். அவர் உட்கார்ந்து பாக் எழுதியதைப் புஸோனி பியானோவுக்கு அமைத்த உருப்படியை ஆரம்பித்தார். ஆரம்பத்திலேயே விரல் தவறியது! அந்தக் கச்சேரியை இசைத்தட்டாக வெளியிட்டபோது சில தவறுகளைத் திருத்தி வெளியிட்டார்கள். வெகு காலத்துக்குப் பிறகு திருத்தாத பதிவும் வெளிவந்தது. என் மனைவிக்குத் திருத்தாத பதிவுதான் வேண்டும். "பன்னிரண்டு வருஷம் கழித்து வருகிறவருக்குக் கை நடுங்காதா? நடுங்கினபிறகு எப்படி எழுந்திருக்கிறார் என்று கேளுங்கள்" என்பாள்.

அவளுடைய பிரம்மாஸ்திரம் வேறொன்று. 1986 ஏப்ரல் 20-ஆந் தேதி, 61 வருஷங்களுக்குப் பிறகு, ஹொரோவிட்ஸ் மாஸ்கோ நகரத்தில் வாசித்தார். வயது 82. கச்சேரி முடிவில் ஷூமான் எழுதிய "கனவு" என்ற சின்ன உருப்படியை எடுத்துக்கொண்டார். இரண்டொரு வருஷம் பியானோ கற்ற குழந்தைகூட அதன் ஸ்வரங்களைத் தட்டிவிடும். கூட்டத்திலிருந்த ஒருவருடைய கன்னத்தில் கண்ணீர் வழிவதை அன்று எடுத்த படத்தில் இன்றைக்கும் காணலாம். இடியையும் மின்னலையும் வாங்க வந்தவர்களுக்கு, அவர் ஒரு குழந்தைப் பாட்டைக் கொடுத்து அனுப்பினார். கைவேகத்தைத்தான் ஜனங்கள் மெச்சினார்கள் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கணக்கு உபாத்தியாயரின் கட்சி விசித்திரமானது. கானடா தேசத்து க்ளென் கூல்ட், தம் தகப்பனார் அமைத்துக் கொடுத்த குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு கட்டைகளைத் தொடுகிற மாதிரி குனிந்து, கூடவே முனகிக்கொண்டு வாசிப்பார். அந்த முனகல் இசைத்தட்டிலும் கேட்கும். 1964-ல், வயது 31-லேயே, கச்சேரி மேடைக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒலிப்பதிவு அறைக்குள் புகுந்துகொண்டார். பாக் 1741-ல் அச்சிட்ட "கோல்ட்பெர்க்" உருப்படியில், ஓர் ஆரியாவும் அதன் மேல் கட்டிய 30 மாறுபாடுகளும் இருக்கின்றன. இதை அவர் 1955-ல் பதிந்தபோது முழுவதும் சுமார் 38 நிமிஷத்தில் முடிந்தது. 1981-ல் மறுபடியும் பதிந்தபோது சுமார் 51 நிமிஷம் ஆயிற்று. சில பகுதிகளை இரண்டாந் தடவை திருப்பி வாசித்தது அதற்கு ஒரு காரணம். ஆனால் தொடக்கத்து ஆரியாவை மட்டும் எடுத்துக்கொண்டாலே விஷயம் விளங்கிவிடும். முன்பு இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தது. பின்பு மூன்று நிமிஷத்துக்கு மேல் நீண்டது. இரண்டாவது பதிவு வெளிவந்த சில நாட்களில் அவர் காலமானார். வயது 50.

"இதில் எது சரி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஸார், ஒரு கணக்குக்கு இரண்டு விடை வந்தால் ஒன்று தப்பு என்றுதான் நான் முப்பது பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் முழு மார்க்குப் போடுகிறேன்" என்றார் அவர்.

இந்தப் பதிலில்தான் விஷயத்தின் கரு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்கு வருமுன், மார்க்குப் போடுகிறவர்களின் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும்.

போலந்து தேசத்தின் தலைநகரான வார்ஸாவில் 1927 முதல் ஷோபானுடைய பெயரால் பியானோப் போட்டி நடந்து வருகிறது. 1980-ஆம் வருஷத்துப் போட்டியில் யுகோஸ்லாவியாவிலிருந்து இவோ பொகொரெலிச் என்ற வாலிபர் வந்திருந்தார். அவர் வாசிப்பு ஒருவர் மாதிரியும் இல்லை. நடுவர்களில் சிலர் வாரி வழங்கினார்கள். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அவருக்குக் கடைசிச் சுற்றில் இடம் கிடைக்கவில்லை. உடனே மார்த்தா ஆர்கெரிச் என்ற அம்மையார், 1965-ல் அதே போட்டியில் முதற் பரிசு பெற்றவர், அந்தப் பையன் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு நடுவர் பதவியை உதறி வெளியேறினார். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அதையே எழுதின.

முதற் பரிசு யாருக்குக் கிடைத்தது என்பதை அந்த ஆரவாரத்தில் பலர் கவனிக்கவே இல்லை. வியட்நாமில் யுத்த காலத்தில் வளர்ந்த டாங் தாய் சோன் என்பவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் ஆசியாக்காரர் அவர்தான். அவரும் சாமானியர் அல்ல. 2021-ல் அதே வார்ஸாவில் முதற் பரிசு வாங்கிய ப்ரூஸ் லியு அவருடைய மாணவர். ஆகவே, நடுவர்கள் தப்பான மனிதருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை.

இதன் சூட்சுமத்தைக் கணக்கு உபாத்தியாயர்தான் எனக்கு விளக்கினார். பத்து நடுவர்கள் இருபத்தைந்துக்கு மார்க்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஐந்து பேர் இருபத்தைந்தும், மற்ற ஐந்து பேர் ஐந்தும் போட்டால் சராசரி பதினைந்து. இன்னொருவருக்குப் பத்துப் பேரும் பதினேழு போட்டால் சராசரி பதினேழு. இரண்டாமவர் ஜயித்துவிடுகிறார். யாரையும் பரவசப்படுத்தாவிட்டாலும் யாரையும் அவர் தொந்தரவு செய்யவில்லை அல்லவா? நடுவர்களின் மேல் பிசகில்லை. தவறுகளை எண்ணலாம், வேகத்தை அளக்கலாம். பரவசத்துக்குச் சராசரி எடுக்க முடியாது.

இன்னொரு நடுவரின் கதையும் உண்டு. அது எனக்கு இன்னும் முக்கியமானது. 1930-களில் வியன்னாவில் நடந்த ஒரு போட்டியில் ருமேனியாவைச் சேர்ந்த தினு லிபாட்டி என்ற இளைஞருக்கு இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள். அதை ஆட்சேபித்து நடுவர் குழுவை விட்டு வெளியேறியவர் ஆல்பிரட் கோர்ட்டோ என்ற பிரெஞ்சு வித்வான். வெளியேறியதோடு நிற்காமல், லிபாட்டியைப் பாரிஸில் தம்மிடம் மாணவராகவும் ஏற்றுக்கொண்டார். இந்தக் கோர்ட்டோ யார்? ஷோபானை வாசிப்பதில் நிகரற்றவர் என்று பெயர் எடுத்தவர். தப்பு ஸ்வரங்களை அள்ளி வீசுவதிலும் அப்படியே பெயர் எடுத்தவர். காற்றில் ஆடும் திரைச்சீலை போல லயம் நெகிழ வாசிப்பவர். லிபாட்டியோ ஒரு ஸ்வரம் பிசகாமல், ஒரு சொட்டு மிகையில்லாமல், ஸ்படிகம் போல வாசிப்பவர். இருவருடைய பாணியும் கிழக்கும் மேற்குமாக இருந்தன. ஆனாலும் தம்மைப் போல வாசிக்காத ஒருவனிடத்தில் பெருமையைக் கண்டு, அதற்காகத் தம் நாற்காலியை விட்டு எழுந்தார் கோர்ட்டோ.

ஆகவே, பிடிப்பது வேறு. பெருமையை உணர்வது வேறு. முன்னது நம்மைப் பற்றிய செய்தி. பின்னது அந்த வாசிப்பைப் பற்றிய செய்தி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ரஸிகர்களின் சண்டை முடிவதில்லை.

"பெருமை, பெருமை என்கிறீர்களே, அது உண்மையில் காதுக்குத் தெரிகிறதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கையில் நல்ல ஆயுதமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்ற பியானோ வித்வாம்ஸினி இருந்தார். மேடையை விட்டு ஒதுங்கியவர். அவருடைய வயோதிக காலத்தில் அவர் பெயரால் நூற்றுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகள் வெளிவந்தன. வெளிச்சத்துக்கு வராமலிருந்த மேதை என்று விமரிசகர்கள் சிலர் கொண்டாடினார்கள். 2006-ல் அந்த அம்மாள் காலமானார். 2007 பிப்ரவரியில் ஒரு ரஸிகர் அந்தத் தட்டுகளில் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டபோது, அது வேறொரு வித்வானுடைய பதிவு என்று யந்திரம் காட்டிக் கொடுத்துவிட்டது. பிற்பாடு ஒவ்வொன்றாக மற்றத் தட்டுகளின் குட்டும் வெளிப்பட்டது. வெளியிட்டவர் அவருடைய கணவர். பிறருடைய பதிவுகளை எடுத்து உபயோகித்ததை அவரும் ஒப்புக்கொண்டார்.

இதோடு போகவில்லை. 2013-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சங்கீதப் போட்டிகளின் கடைசிச் சுற்றிலிருந்து சிறு துணுக்குகளைப் பலருக்குக் கொடுத்து, ஜயித்தவர் யார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். சப்தத்தை மட்டும் கேட்டவர்களைவிட, சப்தமில்லாத படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். சங்கீதத்தையே தொழிலாகக் கொண்டவர்களும் இதற்கு விலக்கல்ல!

இவற்றிலிருந்து என்ன தெரிகிறது? காது தனியாகக் கச்சேரிக்குப் போவதில்லை. கண்ணையும், கேள்விப்பட்ட பெயரையும், கதையையும் கூட அழைத்துக்கொண்டு போகிறது. இதை உணர்ந்து நாம் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் வாசிப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்பது மட்டும் இதிலிருந்து நிரூபணமாகவில்லை. ஹாட்டோ பெயரில் வந்த தட்டுகளில் வாசித்திருந்தவர்கள் உண்மையிலேயே தேர்ந்த வித்வான்கள். விமரிசகர்கள் நல்ல வாசிப்பைத்தான் நல்ல வாசிப்பு என்றார்கள். வாசித்தவர் யார் என்பதில்தான் ஏமாந்தார்கள். கள்ளக் கையெழுத்துப் போட்ட காசோலை உண்டு என்பதால் பாங்கியில் பணமே இல்லை என்று ஆகிவிடுமா?

அப்படியானால் பெரிய வாசிப்புக்கு அடையாளம் என்ன? தவறின்மை அல்ல, ஷ்நாபெலும் கோர்ட்டோவும் அதற்குச் சாக்ஷி. வேகமும் பலமும் அல்ல. மாஸ்கோவில் வாசித்த சின்னப் பாட்டு அதற்குச் சாக்ஷி. எழுதியவரின் மனசை அப்படியே காட்டுவதும் அல்ல. ஒரே மனிதர் ஒரே ஆரியாவை இரண்டு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் வாசித்திருக்கிறாரே, பாக்கின் மனசு 26 வருஷத்தில் மாறிவிட்டதா?

என் புத்திக்கு எட்டிய அடையாளம் ஒன்றுதான். பெரிய வாசிப்பு ஒலித்துக்கொண்டிருக்கும் வரையில், அதை வேறு விதமாக வாசிக்கலாம் என்ற நினைப்பே நமக்கு உண்டாவதில்லை. சுமாரான வித்வான் வாசிக்கும்போது, "இங்கே சற்று நிறுத்தியிருக்கலாம், அங்கே இவ்வளவு ஓங்கியிருக்க வேண்டாம்" என்று நமக்குள் ஒரு பரீக்ஷகர் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். பெரியவர் வாசிக்கும்போது அந்தப் பரீக்ஷகர் எழுந்து போய்விடுகிறார். ஒவ்வொரு ஸ்வரமும் முந்தின ஸ்வரத்தின் தேய்விலிருந்து தானாகவே பிறக்கிறது. அடுத்தது அப்படித்தான் வர முடியும் என்று தோன்றுகிறது. முதல் ஸ்வரத்தை எழுப்பும்போதே கடைசி ஸ்வரம் அவர் காதில் ஒலித்துக்கொண்டிருப்பதால் வருகிற நிச்சயம் அது. இன்னொரு பெரியவர் அதற்கு நேர்மாறாக வாசிக்கிறார். அப்போது அதுதான் ஒரே வழி என்று தோன்றுகிறது. கணக்கு உபாத்தியாயர் இரண்டு விடைக்கும் முழு மார்க்குப் போட்டதற்கு இதுவே நியாயம்.

கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ருசி பேச ஆரம்பிக்கிறது. எந்த வாசிப்பிடம் நாம் மறுபடி மறுபடி திரும்பிப் போகிறோம் என்பதை ருசி தீர்மானிக்கிறது. நம் வயது, சுபாவம், முதன்முதலில் காதில் விழுந்த பதிவு, இவையெல்லாம் சேர்ந்து உண்டாக்குவது அது. எனக்கு ஷ்நாபெலின் மௌனம் வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கு ஹொரோவிட்ஸின் துணிச்சல் வேண்டியிருக்கிறது. இதில் யாருக்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அபிப்பிராய பேதத்தை எப்படி நடத்திக்கொள்வது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1962 ஏப்ரல் 6-ஆந் தேதி நியூயார்க்கில் க்ளென் கூல்ட் பிராம்ஸின் முதல் பியானோக் கன்ஸெர்ட்டோவை வாத்திய கோஷ்டியுடன் வாசிக்க இருந்தார். அவர் பிடிவாதம் செய்த விளம்ப நடை, கோஷ்டியை நடத்திய லியோனார்டு பெர்ன்ஸ்டீனுக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை. பெர்ன்ஸ்டீன் மேடையில் சபையைப் பார்த்து, இந்த வாசிப்பின் போக்கோடு தமக்கு முழு உடன்பாடு இல்லையென்றும், ஆனாலும் கூல்ட் அலட்சியப்படுத்தக்கூடாத கலைஞர் என்பதால் அவர் கருத்தைச் சபையோர் கேட்க வேண்டியது அவசியம் என்றும் சொல்லிவிட்டு, கோலை எடுத்து நடத்திக் கொடுத்தார். அப்படிச் சொன்னது முறையா என்று அப்போதே சர்ச்சை நடந்தது. என்னைப் பொறுத்த வரையில், "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதையும் "கேட்கத் தக்கது" என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்த மனிதரை நான் வணங்குகிறேன்.

லிபாட்டியின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ரத்தத்தைப் பற்றிய கொடிய வியாதி கண்டிருந்தது. 1950 செப்டம்பர் 16-ஆந் தேதி பிரான்ஸில் பெஸான்ஸோன் என்ற ஊரில், வைத்தியர்கள் தடுத்தும் கேளாமல், ஒப்புக்கொண்ட கச்சேரியை வாசிக்க வந்தார். கடைசியில் ஷோபானுடைய வால்ட்ஸ் பதினான்கும் வாசிப்பதாக ஏற்பாடு. பதின்மூன்று வாசித்தார். பதினான்காவதற்கு உடம்பில் சக்தி இல்லை. சற்றுப் பொறுத்து, பாக்கின் பிரார்த்தனை கீதம் ஒன்றை மெல்ல வாசித்துவிட்டு எழுந்து போனார். மறுபடி அவர் மேடை ஏறவில்லை. டிஸம்பர் 2-ஆந் தேதி, 33-வது வயதில் இறந்து போனார். அந்தக் கச்சேரியின் பதிவு இருக்கிறது. கதையை அறியாத ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினால், வாசிப்பவர் நோயாளி என்றே அவருக்குத் தோன்றாது. வால்ட்ஸ்கள் துள்ளிக்கொண்டு ஓடுகின்றன. அவர் தம் கஷ்டத்தை வாசிக்கவில்லை, ஷோபானை வாசித்தார். இதற்கு எத்தனை மார்க்கு என்று கேட்கிற தைரியம் எந்த நடுவருக்கு வரும்?

இப்போது நம் ஊர்களிலும் எத்தனையோ குழந்தைகள் பியானோ கற்றுக்கொள்கிறார்கள். வருஷந்தோறும் பரீக்ஷை எழுதிப் படிப்படியாகச் சான்றிதழ்கள் வாங்குகிறார்கள். பரீக்ஷையை நான் குறை சொல்ல மாட்டேன். சொன்னால் என் தொழிலுக்கே துரோகம். தப்பில்லாமல் வாசிக்கக் கற்பது அவசியந்தான். ஆனால் குழந்தை வீடு திரும்பியதும் "எத்தனை மார்க்கு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், யாரையும் தொந்தரவு செய்யாத பதினேழு மார்க்கு வாசிப்போடு அது திருப்தி அடைந்துவிடும். பெற்றோர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். குழந்தை கற்றுக்கொண்டிருக்கும் உருப்படி எதுவானாலும், அதை இரண்டு பெரிய வித்வான்கள் வாசித்த பதிவுகளைத் தேடி எடுங்கள். ஒன்றன் பின் ஒன்றாகப் போடுங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம். பெயரையும் சொல்ல வேண்டாம். "யார் உசத்தி?" என்று கேட்காமல், "இரண்டுக்கும் எந்த இடத்தில் வித்தியாசம்?" என்று கேளுங்கள். குழந்தை சொல்கிற பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். "அப்பா, இவர் இங்கே கொஞ்சம் காத்திருக்கிறார்" என்று ஒரு நாள் அது சொல்லுமானால், ஸ்வரங்களின் நடுவே இருப்பது அதன் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேரட்டும்.